துரை பங்களா விளக்கு

ஈப்போ பழைய டவுனில் தர்மா வைத்திருக்கும் பழைய சாமான் கடையில் பாதி வியாபாரம் சாமானால் நடக்கிறது, மீதிப் பாதி அவன் வாயால் நடக்கிறது. கால் ஆடும் நாற்காலி ஒன்றைக் காட்டி, இதில்தான் அந்தக் காலத்து ஈயச் சுரங்க முதலாளி சாய்ந்துகொண்டு சுருட்டுப் பிடித்தார் என்று அவன் ஆரம்பித்தால், கோலாலம்பூரிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் மாற்றி ஒருவர் அதில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சுருட்டு உண்மையா, முதலாளியாவது உண்மையா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. காபிக் கடை வைக்கிறவர்களுக்கும் சின்ன ஹோட்டல் திறக்கிறவர்களுக்கும் பழைய சாமான் மட்டும் போதாது, வருகிறவர்களிடம் சொல்ல ஒரு கதையும் வேண்டும். தர்மா இரண்டையும் சேர்த்தே கட்டிக் கொடுப்பான்.

நாற்காலியைப் பற்றிப் புளுகினால் நாற்காலிக்கு வலிக்காது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதன் தன்னைப் பற்றியும் அளக்க ஆரம்பித்ததில்தான் வினை வந்தது.

அவன் பிறந்தது சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா பெயர் அப்பாவு, பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். அம்மா அவனுக்கு நினைவு தெரிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா புஷ்பலதா. அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, மேட்டுமேல் இருந்த மேனேஜர் பங்களாவுக்கு வேலைக்குப் போனாள். மேனேஜர் டென்மார்க்காரர். நாடு சுதந்திரம் வாங்கி எத்தனையோ வருஷம் ஆகியும் தோட்டத்தில் அவர் துரைதான், அவர் மனைவி துரைசாணிதான்.

சாயங்காலம் தர்மா செம்பருத்தி வேலிக்கு வெளியே நின்று அக்காவுக்காகக் காத்திருப்பான். உள்ளே சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒரு விளக்கு எரியும். மேற்கூரையிலிருந்து இறங்கும் பித்தளைத் தண்டு, அதன் முனையில் அகலமான பித்தளை வளையம், வளையத்துக்குள் பால் நிறத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். துரை தன் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. லயத்தில் எல்லார் வீட்டிலும் மொட்டை பல்பு கண்ணைக் குத்தும். அந்த விளக்கின் வெளிச்சமோ மேசையை மட்டும் தடவிக்கொடுக்கும். அக்கா வேலை முடிந்து வரும்போது, மிஞ்சிய ரொட்டியும் வாட்டிய உருளைக்கிழங்கும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். அவன் வேலிக்கு வெளியிலேயே நின்று தின்று முடிப்பான். ஒருநாளும் அவன் அந்த வேலியைத் தாண்டியதில்லை. அப்பாவுவும் தாண்டியதில்லை.

துரை ஊருக்குப் போனார். தோட்டம் கைமாறியது. ரப்பரை வெட்டிப்போட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள், லயத்தைக் காலி செய்தார்கள். அப்பாவும் அங்கேயே அம்மாவுக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் போய்விட்டார். அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்து, கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அவன் ஒரு சீனரின் நாற்காலிப் பட்டறையில் மெருகு போடக் கற்றுக்கொண்டான். பிறகு சொந்தக் கடை வைத்தபோது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவளும் அவள்தான். அவள் புருஷன் இறந்து, மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு, மத்தியானச் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டாள். தம்பிக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் அடுப்பும் இருக்கிறது என்பதெல்லாம் அவள் காதில் ஏறாது.

இந்த வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில் தைப்பிங்கில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்யக் கூப்பிட்டார்கள். தர்மா போனான். மாடியில் ஒரு மரப்பெட்டி. பழைய துணிகளுக்கு நடுவில் அந்த விளக்கு படுத்திருந்தது. பித்தளை கறுத்து, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. வளையத்தின் ஓரத்தில் மட்டும் சின்ன நெளிவு. துரையின் மகன் வீட்டுக்குள் பந்து அடித்ததால் வந்தது என்று அக்கா அந்தக் காலத்தில் சொல்லியிருந்தாள். பிறகு விசாரித்துப் பார்த்தால், டென்மார்க்கில் அந்த மாதிரி விளக்கு கொஞ்சம்தான் செய்தார்களாம். சேகரிப்பவர்கள் அதற்கு அலைகிறார்களாம்.

நியாயமாக அன்றைக்கே அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. விளக்கைப் பற்றி அதற்குள் டாக்டர் காசிவிஸ்வநாதன் என்ற வாடிக்கைக்காரரிடம் சொல்லிவிட்டிருந்தான், அவரிடம் கூடவே ஒரு கதையையும் சொல்லிவிட்டிருந்தான்.

டாக்டரும் அவர் மனைவி சாலாவும் ஈப்போவில் மூன்று தலைமுறையாக இருக்கிற செட்டியார் குடும்பம். மலையடிவாரத்தில் புதிதாக வீடு கட்டியிருந்தார்கள். அவர்கள் கொண்டுபோய் வைத்தால் அவர்களைப் பார்த்து இன்னும் நாலு பெரிய வீடுகள் தர்மாவைத் தேடி வரும். "இந்த வெளக்குக்குக் கீழதான் நான் வளர்ந்தேன் டாக்டர்," என்று ஆரம்பித்தான் அவன். "எங்கப்பாவும் தொரையும் ஒண்ணா உக்காந்து சாப்புடுவாங்க." அப்பாவைத் தோட்டத்துப் பெரிய கிராணி என்று டாக்டர் தானாகவே நினைத்துக்கொண்டார். ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற கிராணி எங்கே, விடியலில் கத்தியும் வாளியுமாக மரத்துக்குப் போகிற அப்பாவு எங்கே! தர்மா திருத்தவில்லை. டாக்டர் அன்று முதல் அவனை உட்காரவைத்துப் பேசினார், மனைவியிடம் "நம்ம நண்பர் தர்மா" என்றார். அந்த நாற்காலி அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவர்கள் விளக்கைப் பார்க்க வருவதாக இருந்தது. டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: பித்தளையைத் தொடக்கூடாது, அந்தப் பழைய கறுப்பு அப்படியே இருக்க வேண்டும். தர்மா விளக்கைத் துண்டால் மூடிக் கடைக்குப் பின்னறையில் வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒரு மேசையைப் பார்க்கப் போனான்.

திரும்பி வந்தபோது பின்னறையில் அக்கா தரையில் பேப்பர் விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பித்தளை வளையம். பக்கத்தில் கிண்ணத்தில் கரைத்த புளி, உப்பு, ஒரு பிடி தேங்காய் நார். சந்தைக்குப் போய்விட்டு அப்படியே வந்தவள், பையிலிருந்த புளியைப் பிரித்துவிட்டாள். வளையத்தின் பாதி கறுப்பாக இருந்தது, பாதி தகதகவென்று பொன் மாதிரி மின்னியது.

"தர்மா, இது நம்ம தொரை பங்களா வெளக்குதானே?" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நெளிவப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"அக்கா, என்னக்கா செஞ்ச!"

"என்ன செஞ்சேன்? தேச்சேன். தீபாவளிக்குப் பித்தளைய இப்படியா அழுக்கா போட்டு வப்ப? தொரசாணி பாத்தா மயக்கம் போட்டிருக்கும். சனிக்கெழமைக்கு சனிக்கெழம மேசை மேல ஏறி நின்னு தொடச்ச வெளக்குடா இது."

"அது அழுக்கு இல்லக்கா. பழசு. அந்தக் கறுப்புக்குத்தான் மவுசு."

"கறுப்புக்கு மவுசா? யாருக்குடா பைத்தியம்?" என்றாள் அக்கா, நாரை மறுபடி புளியில் முக்கிக்கொண்டே.

திட்டலாமா, பிடுங்கலாமா என்று அவன் நின்றுகொண்டிருந்தபோதே வாசலில் கார் நின்றது. கதவு திறந்தது. சாலாவின் குரல் கேட்டது. அவன் முன்னால் போய்த் தடுப்பதற்குள் இருவரும் பின்னறை வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

டாக்டரின் கண் நேரே வளையத்துக்குப் போனது. "என்ன தர்மா இது? தொடவே கூடாதுன்னு சொல்லியிருந்தேனே."

சாலாவின் கண் அக்காவிடம் போனது. வெளுத்துப்போன பஞ்சாபி சூட், கைமுட்டி வரை புளித் தண்ணீர், தரையில் நீட்டிய கால். "யாரு இவங்க? புதுசா வேலைக்கு வச்சிருக்கீங்களா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அந்த நேரத்தில் தர்மா எல்லாவற்றையும் யோசித்துவிட்டான். அக்கா என்று சொன்னால் அக்கா வாயைத் திறப்பாள். மேசை மேல் ஏறித் துடைத்தது, காகிதத்தில் மடித்த உருளைக்கிழங்கு, வேலி, அப்பாவுவின் வாளி எல்லாம் சந்தோஷமாக வெளியே வரும். டாக்டர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த நாற்காலி இருக்காது.

"ஆமா," என்றான் தர்மா. "கடை கூட்டித் தொடைக்க வர்றவங்க. தெரியாம செஞ்சிட்டாங்க."

அக்காவின் கை நின்றுவிட்டது. அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாக அல்ல, தெரிந்தவனா இல்லையா என்று கூட்டத்தில் ஒருவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு எழுந்து, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"மன்னிச்சிருங்க தொரை," என்றாள் தம்பியிடம். "தெரியாம தேச்சிட்டேன்."

அந்தக் குரலை அவன் சின்ன வயதில் வேலிக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். பங்களாவுக்குள் அவளுக்கு அந்த ஒரு குரல்தான் இருந்தது. அது இத்தனை வருஷம் கழித்தும் அப்படியே இருக்கும் என்றும், அதைத் தன்னிடம் பேசுவாள் என்றும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

சாலா நல்ல மனுஷி. அதுதான் இன்னும் மோசமாகப் போயிற்று. "பாவம், திட்டாதீங்க," என்று புருஷனை அடக்கினாள். வளையத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். "எனக்கென்னமோ இந்தப் பக்கந்தான் புடிச்சிருக்கு. எங்க வீட்டுக் குத்துவெளக்கு மாதிரி மின்னுது. முழுசாவே தேச்சிரட்டும்ங்க, தீபாவளிக்கு வீட்ல கறுப்பா எதுக்கு?" டாக்டர் முனகினார், ஆனால் அந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்பது தெரிந்தவர். சாலா அக்காவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, வெளக்கு மாட்டுற அன்னிக்கு நீங்களும் வாங்களேன். ஊர்ல இருந்து வந்த பித்தள சாமான் ஏகப்பட்டது கெடக்கு. இப்பல்லாம் இப்படித் தேய்க்க யாரு இருக்கா?" கைப்பையைத் திறந்து, தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கிற, கோலம் போட்ட ஆங்பாவ் உறை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அக்கா ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தர்மா பார்த்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் பிள்ளைகளுக்கு ஆங்பாவ் கொடுக்கிற கை அது. பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. பூமி பிளக்கவில்லை. அவன் சிரித்த முகத்தோடு அவர்களைக் கார் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

அக்கா கையைக் கழுவிவிட்டுத் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, அது வந்து..."

"சோறு ஆறிப்போவுது. சாப்புடு."

"அவங்க வீட்டுக்கு நீ போக வேணாங்க்கா. நான் வேற ஆள அனுப்பிக்கிறேன்."

"வேற ஆளு போனா அந்தம்மா கேக்கும்லா, அந்த பொம்பள எங்கன்னு. ஒனக்கு ஏவாரம் கெட்டுரும். நான் வாரேன்."

வேண்டாம் என்று அவன் இரண்டாம் தடவை சொல்லவில்லை. இந்தக் கதையில் அவன் செய்ததிலெல்லாம் கேவலமானது எது என்று கேட்டால், கடையில் வாய் தவறியதைக்கூட நான் சொல்லமாட்டேன். அது பயத்தில் வந்தது. இதைத்தான் சொல்வேன். இது யோசித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே, சும்மா இருந்தது.

சனிக்கிழமை டாக்டர் வீட்டில் தர்மாவும் வயரிங் வேலைக்காரரும் ஏணியோடு கூடத்தில் நின்றார்கள். அக்கா பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து அண்டாவும் தாம்பாளமும் தேய்த்தாள். தர்மாவுக்குப் பீங்கான் கோப்பையில் காபி வந்தது. அக்காவுக்குக் காகிதக் குவளையில் போனதை அவன் பார்த்தான். சாலா அதில் ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை. வேலைக்கு வருகிற எல்லாருக்கும் அந்தக் குவளைதான். கடையில் அவன் சொன்ன சொல்லுக்கு அந்தக் குவளை சரியான மரியாதைதான் என்பது அவனுக்கே தெரிந்தது. கோப்பையைக் குடிக்காமலே கீழே வைத்தான்.

தீபாவளிக்கென்று தைப்பிங்கிலிருந்து டாக்டரின் அக்கா வந்திருந்தார், அழகு ஆச்சி. எழுபது வயது, முழங்கால் வலி, ஆனால் கண்ணும் காதும் கூர்மை. டாக்டர் அவர் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டிவந்து, கூடத்தில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை வைத்தார். நாலு ஆஸ்பத்திரி சுற்றிவரும் பெரிய டாக்டர், அக்காவின் செருப்பைக் குனிந்து ஓரமாக எடுத்து வைத்தார். அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை. தர்மா ஏணியின் மேல் நின்றபடி அதைப் பார்த்தான்.

விளக்கு மாட்டியாயிற்று. அக்கா முழு வளையத்தையும் தேய்த்து முடித்திருந்தாள். கண்ணாடிக் கிண்ணத்தைக் கடைசியாக ஒரு தடவை துடைக்கச் சொல்லிச் சாலா அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். அவள் துணியோடு வந்து, கிண்ணத்தைத் துடைத்து ஏணியின் கீழிருந்து தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கி வளையத்துக்குள் பொருத்தினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"எங்க ஆச்சிதான் மொதல்ல போடணும்," என்றார் டாக்டர். அழகு ஆச்சி எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டார். பகலிலும் கூடத்தின் நடுவில் அந்தப் பால் வெளிச்சம் மெல்ல இறங்கியது. எல்லாரும் "அடடா" என்றார்கள். அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். துணியைப் பிடித்திருந்த கை மார்போடு ஒட்டியிருந்தது.

"தர்மா, ஆச்சிக்கு அந்தக் கதையச் சொல்லுங்க," என்றாள் சாலா. "இது இவங்க வளர்ந்த பங்களா வெளக்கு ஆச்சி. இவங்கப்பாவும் தொரையும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டவங்க."

தர்மாவுக்கு அன்றைக்கு வாய் ஓடவில்லை. "ஆமா... சுங்காய் பக்கம்..." என்று மென்று விழுங்கினான். அப்பாவின் பேச்சு வந்ததும் அக்கா தரையைப் பார்த்தாள். அவள் பின்கட்டுக்குப் போகத் திரும்பியபோது அழகு ஆச்சி பிடித்துக்கொண்டார்.

"பித்தளய நல்லாத் தேச்சிருக்கியேம்மா. நீ எந்த எஸ்டேட்டு?"

அக்கா ஒரு கணம் தயங்கினாள். "தைப்பிங் பக்கங்க."

"அட, நான் தைப்பிங்தான்! எந்தத் தோட்டம்?"

"சின்னத் தோட்டங்க. இப்ப இல்லீங்க."

"அப்ப இந்தத் தம்பி ஊரு சுங்காய் பக்கம் போயிருக்கியா?"

"இல்லீங்க," என்றாள் அக்கா. "அந்தப் பக்கமே நான் போனதில்லீங்க."

அம்மாவும் அப்பாவும் அந்தப் பக்கத்து மண்ணில்தான் கிடக்கிறார்கள். வருஷா வருஷம் செம்பனைக்கு நடுவே வழி தேடிப்போய்ப் புல் வெட்டி, கற்பூரம் ஏற்றிவிட்டு வருகிறவள் அவள். தம்பிக்கு வேலை, தம்பிக்கு வரமுடியாது என்று அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறவள். அவள் வாயிலிருந்து அது வந்ததும் தர்மாவுக்கு உள்ளே ஏதோ அறுந்தது.

"பொய்ங்க," என்றான். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. "எல்லாம் நான் சொன்ன பொய். இவங்க வேலைக்கு வந்தவங்க இல்ல. என் கூடப் பொறந்த அக்கா. அந்த பங்களாவுல வேல செஞ்சது இவங்க. எங்கப்பா பால்மரம் வெட்டுனவரு. நாங்க யாரும் அங்க உக்காந்து சாப்புட்டதில்ல. நான் வேலிக்கு வெளிய நின்னவன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தர்மாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கிய மாதிரி இருந்தது. எல்லாம் சொல்லியாயிற்று, இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியோடு அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "இல்லீங்க... தொரை சும்மா வெளையாடுறாரு," என்று சொல்லப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவள் குரல் பாதியில் நின்றது.

அழகு ஆச்சி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டலாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். "ஏம்மா, அவன்தான் சொன்னான். நீ எதுக்கும்மா எங்கிட்ட பொய் சொன்ன? பெரியவ கேக்குறேன், என் மொகத்தப் பாத்துச் சொன்னியே."

அக்கா துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். பங்களாவில் வெள்ளிக் கரண்டிகளை அலமாரியில் எடுத்து வைத்த பிறகு துரைசாணி ஒரு நாளும் சரிபார்த்ததில்லை. சாவிக்கொத்து புஷ்பலதாவிடம்தான் இருக்கும். தொழிற்சாலையில் லாக்கரிலிருந்து ஏதாவது காணாமல் போனதென்றால் எல்லார் பையையும் பார்ப்பார்கள், அவள் பையைப் பார்க்கமாட்டார்கள். அவளுக்கு இருப்பதெல்லாம் நம்பிக்கையானவள் என்ற அந்தப் பேர் ஒன்றுதான். அது அந்த விளக்கின் வெளிச்சத்தில், ஒரு கூடம் ஆட்களுக்கு முன்னால் போயிற்று.

சாலா அவசர அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கம்மா. எங்களுக்குத் தெரியாதுல்ல... காபி கொண்டாரச் சொல்றேன்." பீங்கான் கோப்பை வரும் என்று தர்மாவுக்குத் தெரிந்தது. அக்கா உட்காரவில்லை.

"வேல முடிஞ்சிருச்சுங்க," என்றாள். கையிலிருந்த துணியை மடித்து ஏணிப்படியில் வைத்தாள். பின்கட்டுக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகவே வெளியே வந்தாள்.

டாக்டர் தர்மாவை வாசல் வரை வந்து வழியனுப்பினார். "சொல்லியிருக்கலாமே, தர்மா," என்றார். "இதுல என்ன இருக்கு?" மரியாதையாகத்தான் சொன்னார். விளக்கு விளக்காகத்தான் இருக்கும், வியாபாரம் அதுபாட்டுக்கு நடக்கும் என்றும் சொன்னார். தர்மா தலையை ஆட்டினான். அவன் எதற்குப் பயந்தானோ அதில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அக்காவுக்குத்தான்.

கார் குனோங் ராபாட் சாலையில் திரும்பியது. அக்கா கண்ணாடி வழியே சுண்ணாம்பு மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அழுதிருந்தால் அவன் ஏதாவது சொல்லியிருப்பான். அவள் அழவில்லை.

"அக்கா, மனசு தாங்கலக்கா. அதான் சொல்லிட்டேன்."

"ஒனக்குத் தாங்கல, சொல்லிட்ட," என்றாள் அவள். "அன்னிக்குக் கடையில சொல்லியிருந்தா நான் ஒன் அக்கா. இன்னிக்கு சொன்னதுல நான் யாரு? பொய்க்காரி. நீ கெட்டியா இருப்பன்னு நெனச்சுத்தான்டா நான் அந்தப் பெரியம்மா மொகத்தப் பாத்து சொன்னேன். நீ பாதியில எறங்கிட்ட. என்னய அங்கயே விட்டுட்ட."

கூடத்தில் தான் உண்மையைச் சொன்னதாக நினைத்தானே, அதுவும் தனக்காகவே சொன்னது என்பது அப்போதுதான் உறைத்தது. கூனிக் குறுகி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினான். பக்கத்து வீட்டுக்காரப் பெண் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, எண்ணெய் வாசனை தெருவெல்லாம் அடித்தது. அக்கா இறங்கவில்லை. பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"தீபாவளிக்குக் காலைலயே பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு வந்துரு," என்றாள். "எண்ணெ வச்சு விடுறேன். பசியாற இட்லி போட்டு வைக்கிறேன்."

"வாரேங்க்கா."

"தர்மா."

அவன் திரும்பினான். அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோன தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லயத்திலிருந்து இன்றுவரை, ஒரு புடவை வேண்டும் என்றோ, ஒரு நாள் என்னோடு வந்து நில் என்றோ அவனிடம் எதையும் கேட்டவள் இல்லை அவள்.

"நான் டாக்டர் வீட்ல வேலக்காரியா நின்னத யாருகிட்டயும் சொல்லிராத," என்றாள். "பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம். ஒன்னத் தப்பா நெனச்சிரும்."